கொமர்ஸ் முடிச்சிட்டன், மார்க்கெட்டிங் படிக்கட்டா? மட்டக்களப்பு, அம்பாறை ஆக்கள் சொல்லுங்க

தயிர்ச்சட்டி | வெள்ளி, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். உயர்தரம் வர்த்தகப் பிரிவு, தமிழ்மொழி மூலம். ரிசல்ட் வந்திட்டு. கணக்கீடு ஏ, வணிகக்கல்வியும் பொருளியலும் பி. இசட் ஸ்கோரை (கெம்பஸுக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற புள்ளி) பார்த்த சேர், "கெம்பஸ் கிடைக்கும், எந்தக் கெம்பஸ் எண்டதுதான் கேள்வி" எண்டார்.

எனக்கு மார்க்கெட்டிங் படிக்க விருப்பம். அதை வாய்விட்டுச் சொன்ன நாளில இருந்து வீட்டில நிம்மதி இல்ல. அப்பா கேக்கிறார், "நாலு வருசம் படிச்சுப்போட்டு சோப்புப் பெட்டியத் தூக்கிக்கொண்டு கடைகடையா ஏறி இறங்கப் போறியா?" அம்மாவுக்கு நான் டீச்சரானாக் காணும். கொழும்பில இருக்கிற மாமா, மூண்டு வருசத்தில வெளிநாட்டு டிகிரி எண்டு ஒரு நோட்டீசை வாட்ஸ்அப்பில அனுப்பிப்போட்டு, "கெம்பஸ் எண்டு போனா பகிடிவதையும் ஸ்ட்ரைக்கும்தான்" எண்டு வொய்ஸும் போட்டிருக்கார்.

ஏன் இந்த ஆசை எண்டா, எங்கட வீட்டுத் தொழில் தயிர். வாசலில விக்கிற சட்டி ஒரு விலை. மண்முனைப் பாலத்தத் தாண்டினா அதே சட்டி இன்னொரு விலை. டவுனில குளிர்பெட்டிக்குள்ள வச்சிட்டா அது வேற விலை. பால் ஒண்டு, சட்டி ஒண்டு, உறை ஊத்தின கையும் ஒண்டு. இடையில கூடுற காசு ஆருக்குப் போகுது, ஏன் போகுது எண்டு வணிகக்கல்வி சேரிட்டக் கேட்டன். "அதுக்குத்தான் மார்க்கெட்டிங் எண்டு ஒரு படிப்பே இருக்கு" எண்டார். அண்டைக்குப் பிடிச்ச பைத்தியம்.

விண்ணப்பத்தில எதை முதலாவதாப் போட? வந்தாறுமூலையா (கிழக்குப் பல்கலைக்கழகம்), ஒலுவிலா (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்), கொழும்புப் பக்கமா? படிச்சு முடிச்ச ஆக்கள் உண்மையைச் சொல்லுங்க. ஆறுதல் வேணாம்.

வந்தாறுமூலை_பழசு | வெள்ளி, இரவு 9.25

தங்கச்சி, கடைசி வசனம் நல்ல வசனம்.

முதல் ஒரு விசயம். யுஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) விண்ணப்பத்தில கூடுதலா 'முகாமைத்துவம்', 'வர்த்தகம்' எண்டுதான் பாடநெறிகள் வரும். மார்க்கெட்டிங் எண்டது உள்ளுக்குப் போனபிறகு பிரியிற கிளை. சில இடத்தில ஒரு வருசத்தில பிரியும், சில இடத்தில ரெண்டு வருசம் போகும். கன பேர் ஒரே பிரிவைக் கேட்டா முதல் வருசப் புள்ளியப் பார்ப்பாங்க. அதனால "மார்க்கெட்டிங்தானே படிக்கப்போறன்" எண்டு முதலாம் வருசக் கணக்கீட்டையும் புள்ளிவிபரவியலையும் விட்டுடாத. எங்கட பெட்ச்சில ரெண்டு பேர் அப்பிடி விட்டு, கேட்ட பிரிவு கிடைக்காம மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிஞ்சவங்க.

ரெண்டாவது, விருப்ப ஒழுங்கு. நம்மட ஊரில இதப்பற்றி ஒரு பிழையான கதை ஓடுது: "கிடைக்கக்கூடியத முதலாவதாப் போடு, இல்லாட்டி எல்லாம் போயிடும்." அப்பிடி இல்ல. நீ போட்ட ஒழுங்கில மேல இருந்து பார்த்துக்கொண்டு வந்து, உன்ட இசட் ஸ்கோருக்கு எட்டுற முதலாவது யூனிகோட்டை (எந்தப் பாடநெறி, எந்தக் கெம்பஸ் எண்ட குறியீடு) தருவாங்க. முதலாவதுக்கு எட்டாட்டி அடுத்தது. மேல போட்டதுக்கு எட்டேல்ல எண்டு கீழ உள்ளதில ஒரு புள்ளியும் குறைக்கமாட்டாங்க. ஆனா கிடைக்கும் எண்டு பயந்து வந்தாறுமூலைய முதலாவதாப் போட்டா, கொழும்புப் பக்கம் உள்ள ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்துக்கு எட்டுற ஸ்கோர் இருந்தாலும் உனக்கு வந்தாறுமூலைதான். மனசில உள்ள ஒழுங்கை அப்பிடியே போடு.

வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டத்தில மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கு. கொழும்பில படிக்கிற உன்ட மச்சாளிட வெட்டுப்புள்ளியப் பார்த்து நீ அழத் தேவையில்ல.

படிப்பு எப்பிடி எண்டு பிறகு எழுதுறன், பிள்ளை அழுறான்.

கணக்கு_சேர் | வெள்ளி, இரவு 10.02

களுவாஞ்சிக்குடியில இருபது வருசமா கணக்கீடு படிப்பிக்கிறன். கணக்கீட்டில ஏ எடுத்த பிள்ளை மார்க்கெட்டிங் போறது எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. கணக்கீடு எடுத்தாப் பக்கத்தில ஏஏடியோ சிஏயோ எண்டு கணக்காளர் சோதனைகள் செய்யலாம். கொம்பனி எந்த ஊரில இருந்தாலும் பற்று, வரவு மாறாது. மார்க்கெட்டிங் அப்பிடி இல்ல, வாய் உள்ள பிள்ளை டிகிரி இல்லாமலும் பிழைக்கும்.

மகள், யோசிச்சு முடிவெடுங்க.

ரெப்_காக்கா | வெள்ளி, இரவு 11.10

சேர் சொன்ன "வாய் உள்ள பிள்ளை" நான்தான். அக்கரைப்பற்று. ஓஎல் மட்டும். பதினேழு வருசமா ரெப், விற்பனைப் பிரதிநிதி. பொத்துவில்ல இருந்து கல்முனை வரைக்கும் எந்தக் கடையில முதலாளி காசுப்பெட்டிக்குப் பக்கத்தில இருப்பார், எந்தக் கடையில உள்ளுக்கு இருந்துகொண்டு "இல்லை எண்டு சொல்லு" எண்பார் எண்டு எனக்குத் தெரியும்.

புள்ள, வாப்பா கேட்டது நியாயமான கேள்வி. பெட்டி தூக்கிறது விற்பனை, அது என்ட வேலை. எந்தப் பெட்டி, எத்தினை கிராம், என்ன விலை, எந்த மாசம், எந்த ஊருக்கு எண்டு தீர்மானிக்கிறது மார்க்கெட்டிங். அந்தத் தீர்மானம் பிழைச்சா அடி விழுறது பெட்டி தூக்கிறவனுக்கு. ஒண்டு சொல்றன், கேளுங்க.

முந்தி நான் இருந்த ஒரு கொம்பனி (பேர் வேணாம்). வருசம் முடியிற மாசம் எண்டு டிசம்பருக்கு ஆகப் பெரிய டார்கெட்டைத் தருவாங்க. கொழும்புக்குச் சரி, நத்தார், போனஸ். நம்மட பக்கம் டிசம்பர் எண்டா என்ன? மழை, வெள்ளம். பெரும்போகம் விதைச்சுக் கையில இருந்த காசெல்லாம் உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் போயிருக்கும். கடைக்காரன் கொப்பியில கடன் எழுதி எழுதிக் கை ஓஞ்சிருப்பான். ஜனவரிக் கடைசியில வெள்ளாமை வெட்டத் தொடங்கி மார்ச் வரைக்கும்தான் காசு புழங்கும். மறுகா சிறுபோகம் வெட்டினா ஆகஸ்ட், செப்டம்பர். டிசம்பரில டார்கெட்டுக்காகக் கடைக்குள்ள தள்ளின சாமான் அப்பிடியே பழுதாகி மார்ச்சில திரும்பி வரும். திரும்பி வந்த சாமானுக்கு என்ட கொமிசனில வெட்டு. ரெண்டு வருசம் அப்பிடிப் போச்சு.

மூண்டாம் வருசம் தலைமைக் கந்தோரில இருந்து ஒரு பொடியன் வந்தான். மார்க்கெட்டிங் டிகிரியாம். வந்த அண்டைக்கு எனக்கும் வாப்பாட எண்ணம்தான். அவன் மூண்டு நாள் என்ட வேனில குந்திக்கொண்டு வந்தான். சாகாமம், திருக்கோவில், தம்பிலுவில் எல்லாம் போனம். ஒவ்வொரு கடையிலயும் கேட்டது ஒரே கேள்வி: "கடன் கொப்பியில எந்த மாசம் பக்கம் கூட நிறையும்?" ராவைக்கு அதை ஒரு தாளில கோடு போட்டு, என்ட விற்பனையப் பக்கத்தில இன்னொரு கோடாப் போட்டுக் காட்டினான். ஒரு கோடு ஏற மற்றது இறங்குது. பதினேழு வருசமா எனக்குத் தெரிஞ்ச சங்கதிதான், ஆனா அதை நான் கந்தோருக்குச் சொன்னா "சாட்டு" எண்பாங்க. அவன் சொன்னா "தரவு".

டார்கெட்டை அவங்க குறைக்கேல்ல, அது வேற கதை. ஆனா நவம்பர், டிசம்பருக்கு மட்டும் பெரிய பெட்டிக்குப் பதிலாச் சின்னப் பக்கெட்டு கூட அனுப்பினாங்க. இருபது ரூபா, முப்பது ரூபாச் சாமான் கடனில்லாமப் போகும். சாமான் திரும்பி வாறது பாதியாக் குறைஞ்சிட்டு.

அந்தக் கோடு போடத்தான் நாலு வருசம் படிக்கிற எண்டா, தாராளமாப் படிங்க மகள்.

கல்லடிக்காத்து | சனி, காலை 6.50

காக்கா நல்லா எழுதுறீங்க. ஆனா அந்தப் பொடியன் எந்த ஊர்க் கந்தோரில இருந்து வந்தான்? கொழும்பில இருந்து. அதைத்தான் நான் சொல்ல வாறன்.

நானும் பிபிஏ (வணிக முகாமைத்துவப் பட்டம்), மார்க்கெட்டிங்தான். 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில பட்டதாரிகள் வேலை கேட்டு இருந்தமே, அந்தக் கூட்டத்தில நானும் ஒருத்தன். பின்னால 2020 இல் பட்டதாரிப் பயிலுநர் எண்டு 20,000 ரூபா கொடுப்பனவில எடுத்தாங்க. இப்ப அபிவிருத்தி உத்தியோகத்தர். முதல் நாள் தந்த வேலை பழைய கோப்புகளுக்கு இலக்கம் போடுறது. மூண்டு மாசம் போட்டன். சந்தைக் கூறாக்கம், இலக்குச் சந்தை, நிலைப்படுத்தல் எல்லாம் மனப்பாடமாத் தெரிஞ்ச ஒருத்தன் கோப்பு முதுகில நூல் கோத்துக்கொண்டு இருந்தான்.

கிழக்கில மார்க்கெட்டிங் வேலை எண்டு பேர் பலகை போட்ட வேலை எத்தினை? வங்கி, லீசிங், காப்புறுதி, டெலிகொம். அங்கயும் 'மார்க்கெட்டிங் ஒபிசர்' எண்டா மோட்டார் சைக்கிளில போய்க் கடன் பிடிக்கிறதும், பிறகு அதே வீட்டுக்குப் போய்த் தவணைக்காசு கேக்கிறதும்தான். பாசிக்குடாவில ஹோட்டல் இருக்கு, அறுகம்பையில ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரைக்கும் சீசன் இருக்கு, உண்மை. மிச்ச அஞ்சு மாசம்?

ஆறுதல் வேணாம் எண்டு கேட்டதால எழுதுறன் தங்கச்சி. படி. ஆனா ஊரிலயே வேலை எண்டு நினைச்சுக்கொண்டு படிக்காத.

வந்தாறுமூலை_பழசு | சனி, காலை 9.15

கல்லடிக்காத்து சொன்னதில பிழை இல்ல. நானும் ஒண்டரை வருசம் லீசிங்கில மோட்டார் சைக்கிள் ஓடினவன்.

படிப்பைப் பற்றிச் சொல்றன் எண்டனே. முதல் வருசம் முகாமைத்துவக் கோட்பாடு, நிதிக் கணக்கீடு, நுண்பாகப் பொருளியல், வணிகக் கணிதம் எண்டு எல்லாருக்கும் பொது. உனக்குப் பாதி உயர்தரத்திலயே படிச்சதுதான். ஆனா எல்லாம் இங்கிலிஷில. 'தேய்மானம்' உனக்குத் தெரியும், அதே கணக்கு 'டெப்ரிசியேசன்' எண்டு வந்தா முதல் மூண்டு மாசம் ஆரோ வேத்தாளப் பார்க்கிற மாதிரி இருக்கும். நான் ஒரு கொப்பியில இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் இங்கிலிஷ் எண்டு எழுதி வச்சிருந்தன். ரெண்டாம் வருசம் அந்தக் கொப்பி ஜூனியர்மாரிட்டப் போய், அவங்களிட்ட இருந்து இன்னொரு பெட்ச்சுக்குப் போய், இப்ப எங்க கிடக்கோ தெரியாது.

பிறகு நுகர்வோர் நடத்தை, சந்தை ஆய்வு, சேவைச் சந்தைப்படுத்தல், பிராண்ட், டிஜிட்டல் எண்டு வரும். நாலு பி கட்டாயம் வரும். 1960 இல் மெக்கார்த்தி எண்டவர் பொருள், விலை, இடம், மேம்படுத்தல் எண்டு நாலாச் சுருக்கினார். 1981 இல் பூம்ஸ், பிட்னர் ரெண்டு பேரும் சேவைகளுக்கெண்டு ஆக்கள், செயன்முறை, கண்ணுக்குத் தெரியிற சான்று எண்டு இன்னும் மூண்டு சேர்த்தாங்க. சோதனைக்கு முதல்நாள் எல்லாரும் இதைத்தான் பாடமாக்குவாங்க.

எனக்குக் கோவம் வாற இடம் கடைசி வருச ஆய்வு. எங்கட பெட்ச்சில பாதிப்பேரிட தலைப்பு "மண்முனை வடக்கு வங்கிகளின் சேவைத் தரமும் வாடிக்கையாளர் திருப்தியும்". மற்றப் பாதி, அதில 'வங்கி' எண்ட இடத்தில 'சூப்பர் மார்க்கெட்' எண்டு போட்டது. சென்னை ஐஐடியில படிச்ச பரசுராமனும் இன்னும் ரெண்டு பேரும் 1988 இல் குடுத்த 22 கேள்வியத் தமிழாக்கி, "மிகவும் உடன்படுகிறேன்" தொடக்கம் "சற்றும் உடன்படவில்லை" வரைக்கும் அஞ்சு கட்டம் போட்டு, டவுனில இருநூறு பேருக்குக் குடுத்தம். நிரப்பினவன் ஒருத்தன் எல்லாத்துக்கும் நடுக் கட்டத்தில புள்ளடி போட்டிட்டு "தம்பி, பஸ் வந்திட்டு" எண்டு ஓடினான். அந்த நடுக் கட்டத்த எஸ்பிஎஸ்எஸ் எண்ட புள்ளிவிபர மென்பொருளுக்குள்ள போட்டு, தாக்கம் இருக்கு எண்டு எழுதிப் பட்டமும் எடுத்தாச்சு. பரசுராமன் பாவம், அவர் என்ன செய்வார்.

நீ அப்பிடிச் செய்யாத. உன்னட்ட ஏற்கனவே ஒரு ஆய்வுக் கேள்வி இருக்கு. வாசலில இருந்து டவுன் வரைக்கும் ஒரு சட்டி தயிரிட பயணம். 'இடம்' எண்ட பி பற்றி நாங்க சிலைட் பார்த்துப் படிச்சம், உனக்கு அது 2014 இல் திறந்த மண்முனைப் பாலம். அதுக்கு முந்தி துறைக்கு வந்து 'பாதை' எண்ட படகைப் பிடிச்சுத்தான் இக்கரைக்கு வரவேணும், அப்ப தயிர் என்ன பாடுபட்டிருக்கும் எண்டு உன்ட அப்பாட்டக் கேளு.

எருமைக்காரன் | சனி, பகல் 12.30

நாலு பி, ஏழு பி எல்லாம் சரி. பெரும்போகம் விதைச்சா மாட்டை மயிலத்தமடு, மாதவனைக்குத்தான் சாய்ச்சுக்கொண்டு போகவேணும். அந்த மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பரில சித்தாண்டியில பண்ணையாளர்கள் போராட்டம் தொடங்கினாங்க. மேய்க்க இடமில்லாட்டிப் பால் ஏது, தயிர் ஏது? இது எந்த பிக்குள்ள வரும் எண்டு படிச்ச ஆக்கள் சொல்லுங்க பாப்பம்.

மட்டுறுத்துநர் | சனி, பகல் 1.05

எருமைக்காரனுக்குக் கீழ வந்த பதினொரு பதிவை வேற இழைக்கு மாத்தியிருக்கிறன். முக்கியமான விசயம்தான், அங்க கதையுங்க. இங்க பிள்ளைக்குப் பதில் சொல்லுங்க.

கொழும்பில்_ஒருத்தி | சனி, மாலை 5.45

திருக்கோவில் ஆள். ஜயவர்த்தனபுரவில மார்க்கெட்டிங் படிச்சு, இப்ப ஒரு விளம்பர நிறுவனத்தில வேலை.

கல்லடிக்காத்து அண்ணா சொன்ன மாதிரி வேலை இஞ்சதான் கூட. ஆனா நான் வந்தபிறகு கண்டுபிடிச்ச ஒண்டைச் சொல்றன். இஞ்ச யோசிக்கிறது இங்கிலிஷில, இல்லாட்டிச் சிங்களத்தில. தமிழ் கடைசியா, வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, "இதை ஒருக்காத் தமிழில போட்டுத் தா" எண்டு வரும். நான் சேர்ந்த கிழமை ஒரு சம்பு விளம்பரம் அச்சுக்குப் போக ரெடியா இருந்திச்சு: "உங்கள் முடியுடன் மீண்டும் காதலில் விழுங்கள்." நான் சொன்னன், எங்கட ஊரில முடியையும் விழுறதையும் சேர்த்துச் சொன்னா சோத்துக் கோப்பைதான் ஞாபகம் வரும் எண்டு. ஆரும் சிரிக்கேல்ல. பிறகு ஒருத்தர் மட்டும், "அப்ப உங்கட ஊரில அம்மா தலைவாரி விடேக்க என்ன சொல்லுவா?" எண்டு கேட்டார். அதில இருந்து ஒரு வரி எழுதினம். அதுதான் போச்சு.

தமிழ்மொழி மூலம் படிச்சது இந்தத் தொழிலில குறை இல்ல தங்கச்சி. ஆனா அதோட சிங்களமும் வேணும். எனக்கு முதல் வருசம் ஹொஸ்டலில பட்ட கஷ்டம் படிப்பில இல்ல, பாஷையில. என்ட ரூம்மேட் மாத்தறைப் பிள்ளை. அவ எனக்குச் சிங்களம், நான் அவவுக்குக் கணக்கீடு. நாலு வருசம் அப்பிடித்தான் ஓடிச்சு.

செலவு எண்டு பார்த்தா அரச பல்கலைக்கழகத்தில படிப்புக்குக் காசில்ல. மகாபொல உதவிப்பணம் கிடைச்சா அது சாப்பாட்டுக்கு உதவும், முழுசாக் காணாது. ஹொஸ்டல் கிடைக்காத வருசம்தான் வீட்டுக்குப் பாரம்.

ஆரையம்பதி_மச்சான் | சனி, இரவு 8.20

மாமா அனுப்பின நோட்டீசு பற்றி ஆரும் கதைக்கேல்ல. நான் கதைக்கிறன், காசு விட்டவன் எண்ட முறையில.

உயர்தரத்தில எனக்கு இசட் ஸ்கோர் காணாது. ஒரு நிறுவனம், பேர் சொல்லேல்ல, லண்டன் டிகிரி எண்டு சொல்லிச்சு. வீட்டில வளவை ஈடு வச்சுக் காசு கட்டினாங்க. ரெண்டு வருசம் முடிஞ்சபிறகுதான் தெரியும், இதுவரைக்கும் படிச்சது டிப்ளோமா, டிகிரிக்குக் கடைசி வருசத்த 'டொப்அப்' எண்டு வேறயாக் காசு கட்டிச் செய்யவேணும் எண்டு. நோட்டீசில அது இருந்திச்சு. அடியில, எறும்பு எழுத்தில.

எல்லாத் தனியார் இடமும் அப்பிடி இல்ல, என்ட கூட்டாளிமார் நல்ல இடத்தில படிச்சு நல்லா இருக்காங்க. ஆனா காசு கட்ட முதல் மூண்டு விசயம் கேளுங்க. பட்டத்தைக் குடுக்கிறது ஆர்? உள்ளூர் நிறுவனம் எண்டா பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவில பட்டம் வழங்க அனுமதி இருக்கா? வெளிநாடு எண்டா அந்தப் பல்கலைக்கழகத்த யுஜிசி ஏத்துக்கொள்ளுமா எண்டு யுஜிசியிட்டயே எழுத்தில கேக்கலாம், நிறுவனத்திட வாயைக் கேக்காதீங்க. தகைமைச் சட்டகத்தில எத்தினையாம் மட்டம் எண்டதும் பாருங்க. சாதாரண பட்டம் 5, சிறப்புப் பட்டம் 6. 'டிகிரி லெவல்' எண்டு வாயால சொல்றதுக்கு மட்டமே கிடையாது.

இந்தப் பிள்ளைக்குக் கெம்பஸ் கிடைக்கும் எண்டா மாமாட நோட்டீசு தேவையே இல்ல எண்டது என்ட எண்ணம். கிடைக்காத தம்பி தங்கச்சிமார் இதை வாசிச்சா: திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில பிராந்திய நிலையம் இருக்கு, முகாமைத்துவப் பட்டம் வேலை செஞ்சுகொண்டே படிக்கலாம். உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் எங்கட பக்கத்திலயும் இருக்கு, சம்மாந்துறையிலயும் இருக்கு. மார்க்கெட்டிங்தான் வேணும் எண்டா 1970 இல் தொடங்கின இலங்கைச் சந்தைப்படுத்தல் நிறுவனத்திட, ஸ்லிம் எண்ணுவாங்களே, படிப்படியாப் போற சோதனைகள் இருக்கு. நான் கடைசியில அதைத்தான் செஞ்சன். வளவை மீட்டாச்சு, போன வருசம்.

கணக்கு_சேர் | சனி, இரவு 9.00

வளவை மீட்டது சந்தோசம் தம்பி. ஆனா எவ்வளவு வட்டி கட்டினீங்க எண்டு கணக்குப் பார்த்தீங்களா? பார்த்திருந்தா நீங்களும் என்ட கட்சி.

ஆரையம்பதி_மச்சான் | சனி, இரவு 9.04

பார்க்காம விட்டதாலதான் சேர் இண்டைக்கு நித்திரை வருது.

தறிச்சத்தம் | ஞாயிறு, காலை 10.30

மருதமுனை. தென்கிழக்கில முகாமைத்துவ வர்த்தக பீடம். ஒலுவிலப் பற்றி ஆரும் எழுதேல்ல எண்டதால வாறன். 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாத் தொடங்கி அடுத்த வருசமே பல்கலைக்கழகம் ஆன இடம். வந்தாறுமூலை 1981 இல் கல்லூரி, 86 இல் பல்கலைக்கழகம். ரெண்டும் நம்மட கையெட்டுற தூரம்.

தங்கச்சிட தயிர்க் கதைய வாசிக்கேக்க எனக்கு எங்கட தறிதான் கண்ணுக்குள்ள வந்திச்சு. உம்மா வீட்டில நெய்யிறவ. ரெண்டாம் வருசம் ஒரு பாடத்தில, ஒரு சின்னத் தொழிலை எடுத்து விலை எப்பிடிப் போடுறாங்க எண்டு எழுதச் சொன்னாங்க. எனக்கென்ன, கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு தறிக்குப் பக்கத்தில குந்தினன். நூல் எவ்வளவு, சாயம் எவ்வளவு, பாவு ஓடக் குடுத்த கூலி எவ்வளவு, கரண்ட், கடைக்குக் கொண்டுபோன ஆட்டோக் காசு. கூட்டி, விக்கிற விலையில கழிச்சு, இலாபம் இவ்வளவு எண்டு அழகா எழுதிக் குடுத்தன். மிஸ் தாளைத் திருப்பித் தந்தா. ஓரத்தில சிவப்புப் பேனையில ஒரே கேள்வி: "நெய்தவரின் கூலி எங்கே?"

வீட்டுக்கு வந்து உம்மாட்டக் கேட்டன். "நான் வீட்டில சும்மாதானே இருக்கன்" எண்டா. காலையில எழும்பித் தறிக் குழிக்குள்ள இறங்கினா லுஹர் தொழுகைக்குத்தான் ஏறுவா, அது சும்மாவாம். அண்டைக்கு அவட மணித்தியாலத்துக்கு ஒரு கூலி போட்டுத் திருப்பிக் கணக்குப் பார்த்தம். இலாபம் எண்டு எழுதினது போய் நட்டம் வந்திச்சு.

சேர், இந்தக் கணக்கு உங்கட பாடம்தான், ஒத்துக்கொள்றன். ஆனா அதுக்குப் பிறகு என்ன செய்யிறது? விலையக் கூட்டினம், கடைக்காரர் எடுக்கேல்ல. இஞ்சதான் மார்க்கெட்டிங் வந்திச்சு. சாரியக் கட்டாயமா, கிழமைக்கு அஞ்சு நாள் உடுக்கிறது ஆர்? டீச்சர்மார். அவங்களுக்கு என்ன வேணும்? வெள்ளன அஞ்சு நிமிசத்தில மடிப்பு நிக்கவேணும், சோக்குத் தூள் தெரியக்கூடாது, வெயிலுக்குப் பருத்தியா இருக்கவேணும். அந்த அளவுக்கு மாவுக் கஞ்சிய மாத்தி, இளம் நிறங்களில நெய்து, பாடசாலை தவணை தொடங்க முதல் கிழமை பேஸ்புக்கில போட்டம்.

போச்சா? முதல் மாசம் போனதில பாதி திரும்பி வந்திச்சு. படத்தில செம்மஞ்சள், கையில மெரூன் எண்டு. கேஷ் ஒன் டெலிவரி எண்டதால வாசலிலயே வேணாம் எண்டு அனுப்பிடுவாங்க, கூரியர் காசு ரெண்டு பக்கமும் எங்கட தலையில. ஒவ்வொரு போனிலயும் ஒவ்வொரு நிறம். பிறகு தம்பிதான் ஒரு வழி சொன்னான். இப்ப எல்லாப் படத்திலயும் சாரிக்குப் பக்கத்தில ஒரு செவ்விளநி வச்சு எடுக்கிறம். செவ்விளநிட நிறம் இலங்கையில எல்லாருக்கும் தெரியும், போனில அது எப்பிடித் தெரியுதோ அதை வச்சுச் சாரிட நிறத்த அவங்களே பிடிச்சிடுவாங்க. திரும்பி வாறது நல்லாக் குறைஞ்சிட்டு. எந்தச் சிலைட்டிலயும் செவ்விளநி இல்ல.

கல்லடிக்காத்து அண்ணா, இது வேலை எண்டு பேர் பலகை போட்ட வேலை இல்லதான். ஆனா இப்ப உம்மாவோட இன்னும் நாலு தறி ஓடுது.

கல்லடிக்காத்து | ஞாயிறு, பகல் 11.40

தங்கச்சி, என்ட கந்தோருக்கு மாசம் பத்துப் பேராவது சுயதொழில் உதவி கேட்டு வாறாங்க. தையல், மிக்சர், பால், பனையோலை. படிவத்தில 'உற்பத்திச் செலவு' எண்டு ஒரு கட்டம் இருக்கு. ஒருத்தரும் தங்கட கூலிய எழுதுறதில்ல, நானும் ஒருநாளும் கேட்டதில்ல. நாளைக்குத் திங்கள். கேட்டுப் பார்க்கிறன்.

உங்கட பேஸ்புக் பக்கத்த உள்பெட்டியில அனுப்புங்க. வீட்டுக்காரி டீச்சர்.

தயிர்ச்சட்டி | செவ்வாய், இரவு 7.55

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு பின்னேரம் போனை அப்பாட்டக் குடுத்தன். கண்ணாடியப் போட்டுக்கொண்டு மேல இருந்து கீழ வரைக்கும் வாசிச்சார். ரெப் காக்காட பதிவுக்கு வந்ததும் நிண்டிட்டார். திரும்ப ஒருக்கா வாசிச்சார். "டிசம்பர்ல தயிரும் இப்பிடித்தான், மாடு அங்கால போயிடும், இருக்கிற பாலுக்கும் வாங்க ஆக்கள் கையில காசில்ல" எண்டார். பிறகு எழும்பிப் போய்ப் பழைய கலண்டர் ஒண்டைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நாளும் எத்தினை சட்டி போச்சு எண்டு பென்சிலால குறிச்சு வச்சிருக்கார். எட்டு வருசக் கலண்டர் கிடக்கு, எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. கணக்குச் சேர், எங்கட அப்பா உங்கட கட்சி எண்டுதான் நினைக்கிறன்.

தறிச்சத்தம் ராத்தா, அம்மாட கூலிய எழுதிப் பார்த்தன். அம்மாட்ட இன்னும் காட்டேல்ல.

விண்ணப்பம் போட்டாச்சு. ஜயவர்த்தனபுர முதலாவது, வந்தாறுமூலை ரெண்டாவது, ஒலுவில் மூண்டாவது. மாமா கோவம், அழைப்பை எடுக்கிறாரில்ல.

வந்தாறுமூலை_பழசு | செவ்வாய், இரவு 8.10

அந்தக் கலண்டருகளைக் கறையான் தின்ன முதல் எல்லாத்தையும் படம் எடுத்து வை. உன்ட கடைசி வருச ஆய்வு அதுக்குள்ள கிடக்கு. மண்முனை வடக்கு வங்கி தப்பிச்சிட்டு.

ரெப்_காக்கா | செவ்வாய், இரவு 9.30

மாஷா அல்லாஹ். வாப்பாவுக்கு என்ட சலாம் சொல்லுங்க மகள். நோம்பு வருது, அக்கரைப்பற்றுக்கு ஒரு பத்துச் சட்டி அனுப்பேலுமா?

தயிர்ச்சட்டி | செவ்வாய், இரவு 9.33

அனுப்பலாம் காக்கா. ஆனா அக்கரைப்பற்றுக்கு வேற விலை.